பாதி மச்சம்

அத்தியாயம் 6

மேசைமேல் கிடந்த கைப்பையில் கதாநாயகிக்கு முகம் இல்லை.

கொண்டை இருந்தது. கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம் இருந்தது. காதில் ஜிமிக்கி, கழுத்தில் பச்சைக்கல் அட்டிகை எல்லாம் வரைந்தபடியே இருந்தன. நடுவில், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குள் சிவப்பு லைனிங் துணி நார்நாராகத் தொங்கியது. தாடையின் இடது ஓரத்தில் ஓவியர் வைத்திருந்த மச்சத்திலும் பாதிதான் மிஞ்சியிருந்தது.

"நாஸ்தா துன்னுட்டு வந்திருக்கக் கூடாது யக்கா," என்றான் வேம்புலி. "இது கைப்பையா, போஸ்ட்மார்ட்டமா?"

சாமுண்டீஸ்வரி பையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்ததும் முகத்தைச் சுளித்துக் கழுத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். அம்பத்தூரில் ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள் அவள். துணியைத் தொடுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பது அங்கே வந்த பழக்கம். ஆலை மூடிய பிறகு, ஒரு டீக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டாள். வேம்புலி அவளுடைய உதவியாளன். சேக்காட்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். மீட்டரைவிட வாய் அதிகமாக ஓடியதால் அந்தத் தொழில் நிலைக்கவில்லை.

"சினிமா பேனர்ம்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் தேவராஜ். "தியேட்டர் வாசல்ல கட்டுவாங்களே, அந்தத் துணி. படத்தைத் தூக்கின பிறகு லாரிக்குப் போர்த்துவாங்க, குடிசைக்குப் போடுவாங்க. இப்போ அதை வெட்டிப் பை தைச்சு விக்கிறாங்க. ஒண்ணு எண்ணூறு ரூபா."

"எண்ணூறா! அந்தக் காசுக்கு நான் படத்தையே வருஷம் பூரா பால்கனில குந்திப் பார்ப்பேனே சார்."

நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்தக் காவல் நிலையத்தில் மின்விசிறி சத்தம் மட்டும் போட்டது, காற்று வரவில்லை. தேவராஜ் கழுத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

நசரத்பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லைப் பரந்தாமன் என்பவர் வாங்கி, கடையாக மாற்றியிருக்கிறார். கடையின் பெயர் 'கந்தல்'. பட்டணத்துப் பணக்காரர்கள் காரில் வந்து விசித்திரமான சாமான்கள் வாங்கிப் போகிற இடம். அங்கே தொங்கிய பேனர் பைகளில் முகங்கள் மட்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. வெட்டியவன், போன மாதம் வேலையை விட்டு நின்ற தையல்காரன் சாதுல்லா என்று பரந்தாமன் எழுதிக் கொடுத்திருக்கிறார். உருவம் வரைவது அவன் மதத்துக்கு ஆகாது, அந்த வெறியில் செய்துவிட்டான் என்பது புகார்.

கம்பிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார், முந்தின நாள் சாயங்காலம் பிடித்து வரப்பட்ட சாதுல்லா. நரைத்த தாடி. விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த தோல். தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே கேட்காதவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நம்புறீங்களா சார்?" என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

"என் நம்பிக்கையை யார் கேக்கிறா? மேலேருந்து போன் மேல போன். மத்தியானம் கோர்ட்ல நிறுத்தணும். நிறுத்திட்டா பதினஞ்சு நாள் ரிமாண்ட். அதுவும் இப்படி ஒரு காரணம் எழுதி அனுப்பினா, உள்ளே போற மனுஷன் நிலைமை..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மசூதி இடித்த கலவரம் அடங்காத நேரம். அந்த வருஷத்தில் யாரும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

சாமுண்டீஸ்வரி பையின் ஓட்டைக்குள் விரலை விட்டாள். "பேனர் துணி தகடு மாதிரி கெட்டி. அதுல கத்திரி வழுக்கிக்கிட்டுப் போயிருக்கு, ஒரு பிசிறு இல்லை. லைனிங் வெறும் பருத்தி. குழந்தைகூட வெட்டும். அது மட்டும் நார்நாரா பிய்ஞ்சிருக்கு. கெட்டியானதை அழகா வெட்டினவனுக்கு மெல்லிசு வெட்டத் தெரியலையா?"

"கோவத்துல வெட்டினவன் தையல் கிளாஸ் மாதிரியா வெட்டுவான்?"

"வெளியே அப்படித்தானே சார் வெட்டியிருக்கான்?"

தேவராஜ் பையை ஒருமுறை பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "மகஜர் எழுத மில்லுக்குத்தான் கிளம்புறேன். ஜீப்ல இடம் இருக்கு. பையும் வருது. ஏறுங்க."

வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்த ஜுபைதாவும் ஏறிக்கொண்டாள். சாதுல்லாவின் மனைவி. காலையில் பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வந்து மாடிப்படி ஏறி, "எம் புருஷன் மேல பயி போட்டுட்டாங்கம்மா" என்று சொன்னவள் அவள்தான். ஜீப் நகர்ந்ததும் அவளாகவே பேசினாள்.

"உருவம் ஆவாதுன்னு சொன்னாராம். அந்த உருவத்தத்தான் ரெண்டு வருசமா மடியில வெச்சுகினு தச்சாரு. மூஞ்சி மடிப்புல வந்தா கெட்டுப் பூடும்னு, ஒவ்வொரு மூஞ்சியையும் நடுவுல வர்ற மாதிரி வெட்டினதே அவருதான். ஆவாதவரு செய்ற வேலையா இது?"

"அவர் முகத்தைப் பத்தி எதுவுமே பேசலையா?"

"பேசினாரு. மூஞ்சியத் துத்தம் போடாம வுடாதீங்க, சீக்கிரம் பாழாயிடும்னு அந்த ஓனருகிட்ட தலப்பாடா அடிச்சுகினாரு. பசையில மயில்துத்தம் கலந்து, உள்பக்கம் பூசி, காயவெச்சு, அப்பறம்தான் லைனிங் வெப்பாரு. உள்ள நீலம் பாயுது, பாக்கக் கேவலமா கீதுன்னாரு ஓனரு. வாயி வார்த்த முத்திச்சு. நின்னுட்டாரு."

"போஸ்டர் ஒட்டுறவன்கூட பசையில துத்தம் போடுவான் யக்கா," என்றான் வேம்புலி. "இல்லாங்காட்டி மாடு துன்னுட்டுப் பூடும்."

சாமுண்டீஸ்வரி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா யக்கா? நான் எதுனா தப்பா சொல்ட்டனா?"

"இல்லை. வாயை மூடிக்கிட்டு வா. அதை அப்படியே ஞாபகம் வெச்சுக்க."

கந்தலின் வாசலில் இரண்டு கார்கள் நின்றன. நெல் கொட்டிக் காயவைத்த களத்தில் இப்போது கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஊதுபத்தி மணம் முகத்தில் அறைந்தது. ஒன்றிரண்டு பத்தி அல்ல. மூலைக்கு மூலை கொத்துக் கொத்தாக எரிந்தன. அந்த மணத்துக்கு அடியில் பழைய தவிட்டு வாடை. அதற்கும் அடியில் இன்னொன்று.

"யாரோ செத்துட்டாங்களா யக்கா?" என்று மூக்கைப் பொத்தினான் வேம்புலி.

ஒரு பொருளை அதன் வேலையிலிருந்து பிரித்து எடுத்து, பாதி கழுவி, மேலே ஒரு விளக்கைப் போட்டால் அது கலையாகிவிடும். பரந்தாமனின் தொழில் முறை அவ்வளவுதான். நெல் கொட்டும் இரும்புக் கூம்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உள்ளே பல்பு மாட்டியிருந்தார். லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் தகடு, சேறு போகாமலே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. பல் டாக்டர் அச்செடுத்த சுண்ணாம்புப் பல்வரிசைகள் காகிதங்களுக்கு மேல் கனமாக உட்கார்ந்திருந்தன. ஆஸ்பத்திரிப் படுக்கையில் நோயாளிக்கு வைக்கும் பீங்கான் பாத்திரத்தில் ரோஜாப்பூ செருகியிருந்தது. ஒரு பித்தளைப் படிக்கத்தில் ஆப்பிள் அடுக்கி, 'பழக்கிண்ணம்' என்று சீட்டு தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஐயய்ய! எத்தினி பேரு வெத்தல போட்டுத் துப்பின பாத்திரமோ! கஸ்மாலம், இதுல ஆப்பிளா?"

"அது பழங்காலத்து அழகு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பரந்தாமன் கதர் ஜிப்பா, ஒற்றைக் காதில் கடுக்கன், குதிரைவால் முடியுடன் நின்றார். தேவராஜைப் பார்த்துக் கும்பிட்டார். ஜுபைதாவைப் பார்த்ததும் கும்பிட்ட கை பாதியில் நின்றது.

"இவங்க எதுக்கு இங்கே?"

"நான் கூட்டிக்கிட்டு வந்தேன்," என்றார் தேவராஜ். "இவங்க சாமுண்டீஸ்வரி. ரெண்டு மூணு கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லுங்க."

சுவரில் பெரிய எழுத்தில் 'இங்கே எதுவும் குப்பை அல்ல' என்று எழுதியிருந்தது. அதன் கீழே முகம் வெட்டப்பட்ட பைகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் தனி விளக்குடன் தொங்கின. பக்கத்தில் 'காயம்' என்று தலைப்பு. அதற்கும் பக்கத்தில், கலைக்கு நேர்ந்த கொடுமை பற்றி முந்தின நாள் பத்திரிகையில் வந்த செய்தி, பரந்தாமனின் சோகமான படத்தோடு.

"நேத்து வந்த பேப்பருக்கு இன்னிக்கே பிரேம் போட்டாச்சா?" என்றான் வேம்புலி. "எங்க நைனா செத்து ரெண்டு வருசமாவுது. அவரு போட்டோவுக்கே இன்னும் பிரேம் போடல."

சாமுண்டீஸ்வரி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "நல்ல பை எண்ணூறு. ஓட்டைப் பை ரெண்டாயிரமா?"

"அதுல ஒரு கதை இருக்கு மேடம். வலி இருக்கு. மக்கள் அதைத்தான் வாங்குறாங்க." பரந்தாமன் குரலைத் தாழ்த்தினார். "நான் யாரையும் வெறுக்கிறவன் இல்லை. ஆனா ஆதாரம் பேசுது. சாதுல்லா தைச்ச பைகள் கடையில பாதிக்கு மேல இருக்கு. அதுல ஒண்ணுகூட வெட்டுப்படலை. அவர் போன பிறகு புது ஆட்கள் தைச்ச பைகள்ல மட்டும்தான் முகம் போயிருக்கு. தன் கை வேலையை விட்டுட்டு மத்ததை வெட்டியிருக்கார். இதுக்கு மேல என்ன வேணும்?"

தேவராஜ் சாமுண்டீஸ்வரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில், இதற்கு என்ன சொல்கிறாய் என்ற கேள்வி இருந்தது. ஜுபைதாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நல்ல கேள்வி," என்றாள் சாமுண்டீஸ்வரி. "ஜுபைதாம்மா, உங்க வீட்டுக்காரர் தைச்சது எது, மத்தவங்க தைச்சது எது, உங்களால சொல்ல முடியுமா?"

ஜுபைதா ஒரு பையைத் திறந்து லைனிங்கின் ஓரத்தை நகத்தால் விலக்கினாள். உள்ளே பேனர் துணியின் முதுகு இளநீலமாக இருந்தது. "இது அவரு." அடுத்ததைத் திறந்தாள். வெறும் பழுப்பு. "இது அவரு இல்ல."

அந்த இரண்டாவது பையைத்தான் சாமுண்டீஸ்வரி வாங்கி முகர்ந்தாள். மீண்டும் அதே சுளிப்பு.

இந்த இடத்தில் பேனர் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மரச்சட்டத்தில் துணியை இழுத்து ஆணி அடிப்பார்கள். வெறும் துணியில் வண்ணம் பூசினால் மணலில் ஊற்றிய தண்ணீர் போல உறிஞ்சிவிடும். அதனால் முதலில் வச்சிரத்தைக் காய்ச்சி, வெள்ளைப் பொடி கலந்து ஒரு பூச்சு கொடுப்பார்கள். வச்சிரம் தச்சர்களும் உபயோகிக்கும் பசைதான். தோல் பதனிடும் இடங்களில் வெட்டி எறியும் தோல் துண்டு, எலும்பு, நரம்பு எல்லாவற்றையும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு எடுப்பது. அது கொதிக்கும் தெருவில் சோறு இறங்காது. பின்னணி, மேகம், எழுத்து இவற்றுக்கு ஒரு பூச்சு போதும். முகத்துக்குப் போதாது. கதாநாயகியின் கன்னம் நூறடி தூரத்திலிருந்து பளபளக்க வேண்டும். ஆகவே முகம் வரும் இடத்தில் மட்டும் மறுபடி மறுபடி பூசி, தேய்த்து, மெழுகுபோல ஆக்குவார்கள். அதன்பிறகே தலைமை ஓவியர் தூரிகையைத் தொடுவார்.

சாமுண்டீஸ்வரி இதைத்தான் தேவராஜுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்: "அப்போ பேனர்லயே ருசியான இடம் எது சார்?"

"ருசியா?"

"தோல், எலும்பு, நரம்பு. கெட்டியா நாலஞ்சு பூச்சு. முன்பக்கம் எண்ணெய் வண்ணம், கசக்கும். பின்பக்கம் வெறும் துணி, பசை அப்படியே ஊறியிருக்கு. சாதுல்லா பைகள்ல அந்தப் பின்பக்கத்துல துத்தம். விஷம். வாய் வைக்க முடியாது. மத்த பைகள்ல எதுவும் இல்லை, இலை போட்டுப் பரிமாறின மாதிரி."

வேம்புலியின் கண்கள் விரிந்தன. "யக்கா... மாடா?"

"மாடு பைக்குள்ள நுழையுமா? லைனிங் நார்நாரா இருந்ததே, ஞாபகம் இருக்கா? வெட்டினவன் வெளியே நின்னு வெட்டலை. பைக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கான். பின்கட்டைத் திறங்க மிஸ்டர் பரந்தாமன்."

"அது வெறும் கோடவுன். அங்கே எதுவும்..."

"திறங்க," என்றார் தேவராஜ்.

கதவு திறந்ததும் ஊதுபத்திகள் இதுவரை எதை மறைத்துக்கொண்டிருந்தன என்பது தெரிந்தது. மூத்திரம், அழுகல், ஈரத் தவிடு, பாச்சை உருண்டை எல்லாம் கலந்த ஒரு வாடை, சுவர்போல நின்றது. தேவராஜ் கைக்குட்டையை எடுத்தார். ஜுபைதா முந்தானையை மூக்கோடு அழுத்தினாள். தரையை அவசரமாகப் பெருக்கியிருந்தார்கள். ஆனால் பலகைகளின் மேல் பெருக்க மறந்திருந்தார்கள். சீரகம் கொட்டியது போலக் கறுப்புப் புழுக்கைகள். மூலையில் எலி மருந்து கலந்த சோற்று உருண்டை. அதற்கு அந்தப் பக்கம், வயிறு உப்பிய ஏதோ ஒன்று ஈக்களோடு கிடந்தது.

"கலீஜு, கலீஜு, கலீஜு!" என்று வேம்புலி ஒற்றைக் காலில் நின்றான்.

பலகையில் பைகள் வரிசையாக இருந்தன. வடிவம் குலையாமல் இருக்கக் காகிதச் சுருள்களை உள்ளே அடைத்து வைப்பது கைப்பை வியாபாரிகளின் வழக்கம். எலிக்குக் காகிதச் சுருள் மெத்தை. சுற்றிலும் உள்ள சுவர் சாப்பாடு. இதைவிட நல்ல வீட்டை ஒரு எலி கட்டிக்கொள்ள முடியாது.

"அந்தக் கடைசிப் பையை எடு," என்றாள் சாமுண்டீஸ்வரி.

வேம்புலி எடுத்தான். கொழுகொழுவென்ற ஒரு கதாநாயகன். ஒரு கன்னம் போயிருந்தது. "மீச மட்டும் வுட்டு வெச்சிருக்கு யக்கா, மரியாத தெரிஞ்ச எலி," என்று சொல்லிக்கொண்டே காகிதத்தை எடுக்க உள்ளே கையை விட்டான்.

அவன் முகம் மாறியது. கை உள்ளேயே நின்றது.

"இன்னாவோ சூடா கீது யக்கா," என்றான் மெதுவாக. "முடி இல்லாம. கொயகொயன்னு. அசையுது."

பை தரையில் விழுந்தது. உள்ளேயிருந்து சிவப்பாக, கண் திறக்காத குஞ்சுகள் உருண்டு வந்தன. வேம்புலி கையை முடிந்தவரை உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடி வெளியே ஓடினான். குழாயடியில் அவன் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

சாமுண்டீஸ்வரி ஓட்டையின் ஓரத்தைத் தேவராஜிடம் காட்டினாள். தபால் தலையின் ஓரம்போலச் சின்னச் சின்ன வளைவுகள். நூல் இன்னும் வெள்ளையாக, அழுக்குப் படியாமல் இருந்தது. "இது நேத்து ராத்திரி கடிச்சது. அப்போ சாதுல்லா உங்ககிட்டதானே சார் இருந்தார்?"

ஜுபைதா "யா அல்லா" என்று சுவரில் சாய்ந்தாள்.

பரந்தாமன் தொண்டையைச் செருமினார். ஆள் சுதாரித்துக்கொண்டுவிட்டார். "எலி இருக்கு, ஒத்துக்கிறேன். பழைய மில், எப்படி இல்லாம இருக்கும்? அது வேற விஷயம். சார், உங்க கையில இருக்கிற பையைப் பாருங்க. சுவர்ல தொங்குறதைப் பாருங்க. அதெல்லாம் கத்திரி வெட்டு. எலி கத்திரி பிடிக்குமா?"

அங்கேதான் சிக்கல். தேவராஜ் சாட்சிப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரம் வழவழவென்று இருந்தது. "அது சரிதாம்மா. கத்திரி கத்திரிதான். எலி தின்ன பையைச் சாதுல்லா வந்து வெட்டினான்னு வக்கீல் சொல்லுவார். நான் என்ன சொல்றது?"

"எலி தின்ன ஓரத்தை யாரோ வெட்டி எடுத்திருக்காங்க சார். கடிச்ச தடம் தெரியக் கூடாதுன்னு."

"யாரோன்னா? வெட்டி எடுத்த துண்டு எங்கே?"

"எங்கேன்னு காட்டுங்க மேடம்," என்றார் பரந்தாமன். முதல்முறையாகச் சிரித்தார். "என் கடையைத் தலைகீழாப் புரட்டுங்க. குப்பைத்தொட்டியைக் கொட்டிப் பாருங்க."

சாமுண்டீஸ்வரி குப்பைத்தொட்டியைத் தேடவில்லை. முன்கட்டுக்கு வந்து, சுவரில் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்தாள். இங்கே எதுவும் குப்பை அல்ல. பிறகு மெல்ல, கண்ணாடி மேசை பக்கம் திரும்பினாள்.

அங்கே கீழ்ப்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி, குளிர்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, கைக்கண்ணாடியில் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் புதுவிதமான தொங்கட்டான். பித்தளைக் கொக்கியில் ஒரு துண்டு பேனர் துணி, ரோஜா நிறம். ஒரு பக்கம் வழவழப்பான வளைவு, மறுபக்கம் பூ விளிம்பு போலச் சிறு சிறு வளைவுகள்.

"அழகா இருக்கும்மா," என்றாள் சாமுண்டீஸ்வரி. "கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?"

"இது நான் எடுத்துட்டேன். வேற இல்லையாம். ஒவ்வொண்ணும் ஒரே ஒரு ஜோடிதானாம்."

"ஆமாம்மா. ஒண்ணுதான் இருக்க முடியும்."

பரந்தாமன் ஒரு அடி முன்னால் வந்தார். தேவராஜின் கை அவர் தோளில் விழுந்தது.

சாமுண்டீஸ்வரி சாட்சிப் பையை மேசைமேல் படுக்க வைத்தாள். ஒரு தொங்கட்டானை எடுத்து ஓட்டையின் ஓரத்தில் நகர்த்தினாள். நெற்றிப் பக்கம் பொருந்தவில்லை. கன்னத்துப் பக்கம் பொருந்தவில்லை. தாடையின் இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். வழவழப்பான வளைவு, வெட்டிய ஓரத்தில் இடைவெளியே இல்லாமல் போய் உட்கார்ந்தது. அதில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. பாதி மச்சம்.

பையில் மிச்சமிருந்த பாதியும் அதுவும் சேர்ந்து முழு மச்சமாயின.

கை கழுவிவிட்டு வந்த வேம்புலி எட்டிப் பார்த்தான். "அப்போ இந்தப் பக்கம் கீற பூ டிசைனு?"

"எலிப் பல்," என்றாள் சாமுண்டீஸ்வரி.

அந்தப் பெண்மணிக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் இன்னொரு காதிலிருந்ததைப் பிடுங்கி வீசினாள். கைக்குட்டையால் காதைத் துடைத்தாள். துடைத்த கைக்குட்டையை வீசினாள். பிறகு செருப்புச் சத்தம் கேட்க ஓடிப்போய்க் காரில் ஏறினாள்.

"வெட்டினது நீங்க," என்றாள் சாமுண்டீஸ்வரி பரந்தாமனிடம். "வெட்டின துண்டைத் தூக்கிப் போட மனசு வரலை. வேற எந்தக் கடைக்காரனா இருந்தாலும் அடுப்புல போட்டிருப்பான். உங்களால முடியாது. எதையும் விலைச்சீட்டு ஒட்டாம விடத் தெரியாது உங்களுக்கு."

பரந்தாமன் ஒரு டயர் முக்காலியில் உட்கார்ந்தார். "பம்பாய்லேருந்து மொத்தமா வாங்குற பையர் வர்ற நேரம். எலின்னு தெரிஞ்சா இந்த இடத்துக்கு ஒரு கார் வராது. ஓரத்தை வெட்டி நேராக்கினேன், அவ்வளவுதான். ஒரு கஸ்டமர் இது என்னன்னு கேட்டாங்க. நான் ஏதோ சொல்லணுமேன்னு அந்த டெய்லர் பேரைச் சொன்னேன். அவங்க உடனே நம்பிட்டாங்க. கண்ணு கலங்கிட்டாங்க. டபுள் விலை கொடுத்து வாங்கிட்டுப் போனாங்க. அப்புறம் பத்திரிகை... அது தானா ஓடுச்சு மேடம். நான் ஓட்டலை."

"எலின்னு சொல்ல வெட்கமா இருந்தது," என்றாள் சாமுண்டீஸ்வரி. "ஒரு மனுஷன் மேல பழி சொல்ல வெட்கமா இல்லை."

அவள் குரல் உயரவில்லை. பின்கட்டு வாடையில் சுளிக்காத அளவுக்கு இப்போது முகத்தைச் சுளித்தாள்.

தேவராஜ் சுவரிலிருந்து மூன்று பைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டாவது காரில் வந்து, இதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளைஞன் ஆர்வத்தோடு அருகே வந்தான். "எக்ஸ்கியூஸ் மீ, இது நிஜமாவே எலி கடிச்சதா? ஒரிஜினலா? என்ன விலை?"

"இது கேஸ் பொருள் தம்பி," என்றார் தேவராஜ். "இன்னொரு தடவை விலை கேட்டா நீயும் ஜீப்ல ஏறணும்."

"ஏத்துங்க சார்," என்றான் வேம்புலி. "பின்னாடி அந்த எலிக் குஞ்சுங்கள ஒரு ஜோடி மாட்டிவுட்டு அனுப்பலாம், காதுக்கு."

காவல் நிலையத்தில் கோர்ட்டுக்குப் போகும் கான்ஸ்டபிள் தயாராக நின்றிருந்தார். தேவராஜ் அவரை உட்காரச் சொன்னார். சாவியை எடுத்துத் தானே கதவைத் திறந்தார். சாதுல்லா எழுந்தார், கால் மரத்துப் போயிருந்ததால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஜுபைதா அவர் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். அவள் அழவில்லை. நடந்ததை ஒரே மூச்சில் அவர் காதில் சொன்னாள்.

அவர் மேசையருகே வந்து பையைப் பார்த்தார். பக்கத்தில் காகிதத்தின் மேல் கிடந்த தொங்கட்டானைப் பார்த்தார். தொடவில்லை. புது ஆள் போட்ட தையலை மட்டும் கண்ணால் ஓட்டிக்கொண்டு போனார். கடைசியில் தலையை ஆட்டினார்.

பெஞ்சில், சாதுல்லா அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அதே தரையைப் பார்த்தபடி பரந்தாமன் உட்கார்ந்திருந்தார். சாதுல்லாவைக் கண்டதும் எழுந்தார்.

"பாய், தப்பு நடந்துபோச்சு. நீங்க பெரிய மனசு பண்ணி, புகார் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா... வாங்க, திரும்ப வேலைக்கு வாங்க. துத்தம் போட்டே தைங்க. எவ்வளவு நீலமா வேணும்னாலும்." அவர் கையை நீட்டினார்.

வேம்புலி தன் கையை, பின்கட்டுக்குள் போய் வந்த அந்தக் கையை, அனிச்சையாகச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

சாதுல்லா நீட்டிய கையைப் பார்த்தார். அதன் நகங்களை, விரலிடுக்குகளை, நிதானமாக, துணியில் பிசிறு பார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அந்தாண்ட குயா கீது சார்," என்றார். "மொதல்ல கைய நல்லா கயுவுங்க."

சொல்லிவிட்டு, மனைவியோடு படியிறங்கி, பூந்தமல்லி பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.